அருகில் இருக்கும் அரசு: வாசகர் கேள்வி பதில்

வறுமையைக் குறைப்பதில் உள்ளாட்சிக்கு என்ன பங்கு என்று கேட்டு இந்த மாதம் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பணிக்காலம் முழுவதும் உள்ளாட்சி அலுவலகங்களில் இருந்தவள் நான். அதில் பெரும்பகுதி பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரிவில் கழிந்தது. அங்கே உட்கார்ந்து பார்த்தவையும் பிறகு தேடிப் படித்தவையும் சேர்ந்தவைதான் இந்தப் பதில்கள்.

வறுமை ஒழிப்பு என்பது பெரிய அரசுகள் செய்ய வேண்டிய வேலை. பணமும் அதிகாரமும் அவர்களிடம்தான் இருக்கின்றன. தெருவிளக்கையும் சாக்கடையையும் கவனிக்கிற கவுன்சிலர் இதில் என்ன செய்துவிட முடியும்?
– கல்லூரி மாணவர் ஒருவர்

பணம் மேலேதான் இருக்கிறது, சரி. ஆனால் ஒரு குடும்பம் ஏழையாகவே நீடிப்பதற்குக் குறைந்த வருமானம் மட்டுமே காரணம் இல்லை தம்பி. வருகிற கொஞ்சமும் எந்த வழியில் கரைகிறது என்று பாருங்கள். குழாய் வராத தெருவில் இருப்பவர் தண்ணீருக்குக் காத்து நின்று, வேலைக்கு நேரம் கடந்து போய், பாதிக் கூலியை இழக்கிறார். சாக்கடை தேங்கிய இடத்தில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. மருந்துச் செலவுக்கு வட்டிக்கு வாங்குகிறார்கள். மழை பெய்தால் அறுந்துபோகிற சாலையின் கடைசியில் இருப்பவருக்கு வேலை கிடைத்தும் போய்ச் சேர முடிவதில்லை. நீங்கள் சாதாரணமாகச் சொன்ன அந்தச் சாக்கடை, ஏழை வீட்டில் கடனாக மாறுகிறது.

இன்னொன்று, காகிதம். நான் பதிவுப் பிரிவில் இருந்தபோது ஒரு பெண் வந்தார். கட்டட வேலைக்கு வெளியூர் போன கணவர் அங்கேயே இறந்துவிட்டார். கணவரை இழந்தவருக்கான உதவித்தொகை வாங்க இறப்புச் சான்றிதழ் வேண்டும். இறப்பு எந்த ஊரில் நிகழ்ந்ததோ அந்த ஊரில்தான் பதிய முடியும். அங்கே போனால், மருத்துவமனை கொடுத்த தாளில் கணவரின் தந்தை பெயருக்கான முதலெழுத்து மாறியிருக்கிறது, அடையாள அட்டையோடு ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போய்விடும். பயணச் செலவுக்கு யாரிடமாவது கை நீட்ட வேண்டும். அவருக்குப் பணம் தர வேண்டும் என்று மேலே முடிவாகிவிட்டது, நிதியும் ஒதுக்கியாகிவிட்டது. அது அவர் கைக்கு வராமல் தடுத்தது ஓர் எழுத்து. வார்டு உறுப்பினர் இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று எழுதிக் கொடுத்தார். எங்கள் எழுத்தர் அந்த அலுவலகத்தோடு தொலைபேசியில் பேசினார். அதற்குப் பிறகுதான் சான்றிதழ் கிடைத்தது. இந்தியாவில் இறப்பை 21 நாட்களுக்குள் பதிந்துவிட்டால் வேலை சுலபம். நாள் தள்ளிப்போகப் போக அபராதம், மேல் அதிகாரி அனுமதி, உத்தரவு என்று படி ஏறிக்கொண்டே போகும். அந்தப் படிகளில் ஏறி இறங்க முடியாதவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்துக்கு 1873 முதல் 1876 வரை மேயராக இருந்த ஜோசப் சேம்பர்லின், தனியார் கையில் இருந்த எரிவாயு, குடிநீர் நிறுவனங்களை நகராட்சிக்கே வாங்கினார். எரிவாயுவில் வந்த லாபம் நகரத்தின் வேலைகளுக்குப் போனது. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகராட்சி 1990-களின் பிற்பகுதியில், ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் 6,000 லிட்டர் தண்ணீரை இலவசமாக்கியது. 2001-ல் அந்த நாடே அதைத் தன் கொள்கையாக எடுத்துக்கொண்டது. நகராட்சி தொடங்கியதைத் தேசம் பின்பற்றியது. இந்திய அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணையையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். 1993-ல் நடைமுறைக்கு வந்த அதில் ஊராட்சிகளுக்கான 29 பொறுப்புகள் இருக்கின்றன. 16-வது, வறுமை ஒழிப்புத் திட்டம். நகராட்சிகளுக்கான பன்னிரண்டாவது அட்டவணையிலும் நகர்ப்புற வறுமை ஒழிப்பு உண்டு. கவுன்சிலருக்கு இதில் என்ன வேலை என்று சட்டமே சொல்லிவிட்டது.

எங்கள் பகுதியில் மாடி வீடு இருப்பவர் பெயர் ஏழைகள் பட்டியலில் இருக்கிறது. கணவரை இழந்து தனியாக இருக்கும் பக்கத்து வீட்டு அம்மாவின் பெயர் இல்லை. யார் ஏழை என்று முடிவு செய்வது யார்?
– குடும்பத் தலைவி ஒருவர்

வந்த கடிதங்களிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். உள்ளாட்சி வறுமைக்காக எத்தனையோ வேலை செய்யலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தப் பட்டியல் வருகிறது. பட்டியல் தவறினால் அதற்குப் பின்னால் வரும் வீடு, உதவித்தொகை, காப்பீடு எல்லாமே தவறான வாசலுக்குப் போகும்.

பட்டியலில் இரண்டு விதமான தவறுகள் நடக்கும். வசதியானவர் உள்ளே நுழைவது ஒன்று. ஏழை வெளியே நின்றுவிடுவது இன்னொன்று. அதிகாரிகளும் செய்தித்தாள்களும் முதல் தவறைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது. மாடி வீட்டுக்காரர் வாங்கிய தொகை வீண்செலவு, அவ்வளவுதான். உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வராத தொகை, அவர் சாப்பிடாத வேளை.

கூலி வேலை செய்பவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. அதனால் வருமானத்தை வைத்து ஏழையைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் ஊகம்தான். கேரளத்தின் ஆலப்புழை நகரத்தில் 1990-களின் தொடக்கத்தில் வேறு வழியை எடுத்தார்கள். ஒன்பது அடையாளங்களை வைத்துக்கொண்டார்கள்: குடியிருக்கத் தகுந்த வீடு இல்லை, கழிப்பறை இல்லை, நல்ல குடிநீர் இல்லை, வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் இருக்கிறார், சம்பாதிப்பவர் ஒருவர் அல்லது யாருமே இல்லை, இரண்டு வேளைகூடச் சாப்பிட முடியவில்லை, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கிறது, குடிக்கோ போதைக்கோ அடிமையானவர் இருக்கிறார், பட்டியல் சாதி அல்லது பழங்குடிக் குடும்பம். இவற்றில் நான்கு பொருந்தினால் அந்தக் குடும்பத்துக்கு உதவி தேவை. இதில் எனக்குப் பிடித்தது, எதற்குமே தாசில்தார் கையெழுத்து வேண்டாம் என்பதுதான். அந்தத் தெருவில் இருக்கும் பெண்கள் வீட்டு வாசலில் நின்றாலே தெரிந்துவிடும். கணக்கெடுப்பு செய்ததும் அக்கம்பக்கத்துப் பெண்களின் குழுக்கள்தான். அந்த அனுபவத்தின் மேல்தான் 1998-ல், பெண்கள் குழுக்கள் வழியாக வறுமையைக் குறைக்கும் கேரள அரசின் குடும்பஸ்ரீ திட்டம் எழுந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1996-ல், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளிடம் தருவதாகக் கேரளம் முடிவெடுத்திருந்தது. பட்டியலும் கீழே, பணமும் கீழே.

பின்னாளில், 2021-ல் அங்கே கடும் வறுமையில் இருப்பவர்களைத் தேடி மறுபடி ஒரு கணக்கெடுப்பு தொடங்கியது. வார்டு வார்டாகப் போய் 64,006 குடும்பங்களை அடையாளம் கண்டார்கள். எல்லாருக்கும் ஒரே உதவி என்று வைக்காமல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித் திட்டம் போட்டார்கள். ஒரு வீட்டுக்கு அடையாள அட்டை வேண்டியிருந்தது, ஒரு வீட்டுக்கு மருந்து, இன்னொன்றுக்குக் கூரை. 2025 நவம்பர் 1 அன்று கடும் வறுமை நீங்கிய மாநிலம் என்று அறிவித்தார்கள். எந்த அளவுகோலை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று பொருளாதார அறிஞர்கள் சிலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனாலும் 'இந்த வீட்டுக்கு என்ன வேண்டும்' என்று வீடு வீடாகக் கேட்கிற முறையை நான் மனதார ஆதரிக்கிறேன். தலைநகரத்தில் இருந்து அப்படிக் கேட்க முடியாது.

பிரேசில் வேறொரு பாதுகாப்பைச் செய்துவைத்திருக்கிறது. அங்கே ஏழைக் குடும்பங்களுக்கான ஒரே பதிவேடு 2001-ல் வந்தது. 'போல்சா ஃபமிலியா' உதவித்தொகை 2003-ல். குடும்பங்களைத் தேடிப்போய்ப் பெயர் பதிவது 5,500-க்கும் அதிகமான நகராட்சிகளின் வேலை. பணம் போடுவது தேசிய அரசு. அதன் வங்கி நேராக அட்டையில், பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் பெயரில், போட்டுவிடுகிறது. பெயர் எழுதுகிறவர் கையில் பணம் இல்லை. அதனால் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கமிஷன் கேட்கிற வேலைக்கு இடமில்லை. நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு என்று நினைக்கிறேன்.

உள்ளூர்க்காரர் பட்டியல் போட்டால் தப்பே நடக்காது என்று சொல்ல மாட்டேன். 1601-ல் இங்கிலாந்தில் ஏழைகளைக் காப்பது ஒவ்வொரு திருச்சபை வட்டாரத்தின் கடமை, அதற்கு அந்த வட்டாரமே வரி போட வேண்டும் என்று சட்டம் வந்தது. விளைவு என்ன ஆயிற்று? 1662-ல் இன்னொரு சட்டம் வந்தது. பிழைக்க வந்த அசலூர்க்காரர் நாளைக்கு நம் தலையில் விழுவார் என்று தோன்றினாலே, அவரைச் சொந்த வட்டாரத்துக்குத் திருப்பி அனுப்பலாம் என்றாகிவிட்டது. இன்றைக்கும் வேலை தேடி வந்தவர்கள் வந்த ஊர்ப் பட்டியலிலும் இல்லை, விட்டு வந்த ஊர்ப் பட்டியலிலும் இல்லை. சாதி பார்த்தும் கட்சி பார்த்தும் பெயர் விட்டுப்போவது தனிக் கதை. இதற்கு நான் பார்த்த ஒரே மருந்து, வரைவுப் பட்டியலை எல்லாரும் பார்க்கும் சுவரில் ஒட்டுவதும், கூட்டத்தில் ஒவ்வொரு பெயராக உரக்கப் படிப்பதும்தான். மாடி வீட்டுக்காரரின் பெயரை அவருக்குத் தெரிந்த நூறு பேர் முன்னால் படிக்கிறபோது, அதைச் சேர்த்தவருக்குக் குரல் இறங்கும்.

உங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்காக இதைச் செய்யுங்கள். அவர் பெயரில் மனு எழுதி, ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத மனு கொடுக்காத மனு. பெயர் சேர்க்க முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அடுத்த கூட்டத்தில் அவரால் வர முடியாவிட்டாலும் நீங்கள் எழுந்து நின்று அவர் பெயரைச் சொல்லுங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் பதிவாகிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

அரசு உதவி கொடுக்கக் கொடுக்க மக்கள் சோம்பேறிகள் ஆகிவிடுகிறார்களே?
– ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர்

இல்லை ஐயா. ஹோண்டுராஸ், மெக்சிகோ, நிகரகுவா, மொராக்கோ, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய ஆறு நாடுகளில் ஏழைகளுக்குப் பண உதவி கொடுத்த திட்டங்களைப் பொருளாதார அறிஞர்கள் ஒன்றாக வைத்து ஆராய்ந்தார்கள். உதவி வாங்கியவர்கள் வேலை செய்வதைக் குறைத்துக்கொண்டதற்கான ஆதாரம் கிடைக்கவில்லை. என் கவுண்டருக்கு வந்தவர்களில் வேலைக்குப் போக மனமில்லாதவர் என்று நான் யாரையும் பார்த்ததில்லை. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறதே என்று கலங்கியவர்களைத்தான் பார்த்தேன்.

கீழே அனுப்பும் பணத்தை ஒப்பந்ததாரரும் தலைவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பிறகு உள்ளாட்சிக்குப் பணம் கொடுங்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?
– சிறுதொழில் செய்பவர் ஒருவர்

உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் வழியில் காணாமல் போகிற பணம் எல்லாம் கடைசிப் படியில்தான் காணாமல் போகிறது என்று நினைக்காதீர்கள். உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை, தொடக்கப் பள்ளிகளுக்குத் தேசிய அரசு அனுப்பிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிக்கே போய்ச் சேர்ந்தது என்று ஓர் ஆய்வு கண்டுபிடித்தது. மீதி நடுவில் இருந்த மாவட்ட மட்டத்தில் தங்கிவிட்டது. பிறகு எந்த மாவட்டத்துக்கு எந்த மாதம் எவ்வளவு அனுப்பினோம் என்பதை அரசு செய்தித்தாள்களில் போட ஆரம்பித்தது. பள்ளிச் சுவரிலும் எழுதி ஒட்டச் சொன்னது. 2001-க்குள் 80 சதவீதத்துக்கும் அதிகமான பணம் பள்ளிகளுக்குப் போக ஆரம்பித்தது. அந்த இடைவெளியில் வேறு சீர்திருத்தங்களும் நடந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இருந்தாலும், தனக்கு வரவேண்டியது எவ்வளவு என்று தலைமையாசிரியருக்குத் தெரிந்ததே பெரிய மாற்றம். தெரியாத தொகையை யாரிடம் போய்க் கேட்பது?

அதற்காகக் கூட்டம் போட்டாலே திருட்டு நின்றுவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். இந்தோனேசியாவின் ஜாவா தீவில் 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் 2003, 2004-ம் ஆண்டுகளில் சாலை போட்டபோது பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளாதார அறிஞர் ஒரு சோதனை செய்தார். வேலை முடிந்த பிறகு பொறியாளர்களை அனுப்பி, சாலையைப் பல இடங்களில் தோண்டி, உள்ளே எவ்வளவு கல், எவ்வளவு மணல் என்று அளந்து பார்த்தார்கள். கணக்கில் எழுதியதற்கும் குழியில் இருந்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் திருட்டு. சில கிராமங்களுக்குத் தணிக்கை கட்டாயம் வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அங்கே காணாமல் போன செலவு 8 சதவீதப் புள்ளி குறைந்தது. வேறு சில கிராமங்களில் மக்களுக்கு அழைப்பிதழ் அனுப்பிக் கூட்டத்துக்கு வரவழைத்தார்கள். ஆள் நிறைய வந்தார்கள், ஆனால் மொத்தத் திருட்டு பெரிதாகக் குறையவில்லை.

ஏன் என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. கூலிக் கணக்கில் திருட்டு குறைந்தது. கல், மணல் கணக்கில் குறையவில்லை. தனக்கு எத்தனை நாள் கூலி வரவேண்டும் என்று வேலை செய்தவருக்குத் தெரியும், கூட்டத்தில் எழுந்து கேட்டுவிடுவார். சாலைக்கு அடியில் எத்தனை லோடு மணல் போனது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதைத் தோண்டிப் பார்க்கிற பொறியாளர்தான் சொல்ல வேண்டும். ஆகவே கூட்டமும் வேண்டும், வெளியில் இருந்து வரும் தணிக்கையும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றைத் தட்டிக்கழிக்கிற அதிகாரிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் தெருவில் வேலை நடந்தால் அளவீட்டுப் புத்தகத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். எம் புக் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். நீளம், அகலம், கனம் மூன்றும் அதில் இருக்கும். நீளத்தையும் அகலத்தையும் நீங்களே ஒரு டேப்பைப் பிடித்து அளந்துவிடலாம். கனத்துக்குப் பொறியாளரை அனுப்பச் சொல்லி எழுதுங்கள்.

நகரத்தை அழகுபடுத்துகிறோம் என்று நகராட்சி ஊழியர்கள் என் தள்ளுவண்டியைத் தூக்கிப் போய்விட்டார்கள். அபராதம் கட்டி மீட்பதற்குள் சரக்கெல்லாம் வீண். வறுமையை ஒழிக்கிறார்களா, ஏழையை ஒழிக்கிறார்களா?
– தெருவோர வியாபாரி ஒருவர்

உங்கள் கேள்வி நியாயமானது. வறுமையைக் குறைக்கிற உள்ளாட்சியே வறுமையை உண்டாக்கவும் செய்கிறது. அது பெரும்பாலும் இப்படித்தான், ஒரு காலைப் பொழுதில், ஒரு லாரியோடு வந்து நடக்கிறது. வண்டிதான் உங்கள் மூலதனம், சரக்குதான் அன்றைய கடன். இரண்டையும் ஒரே நாளில் எடுத்துவிட்டால் அந்தக் குடும்பம் எழுந்து நிற்கப் பல மாதம் ஆகும். மறுநாள் அதே நகராட்சி, சிறுகடன் முகாமுக்கு வாருங்கள் என்று பேனர் கட்டும்.

இந்தியாவில் 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம் உங்களுக்குப் பெரிய துணை. கணக்கெடுப்பு முடிந்து எல்லாருக்கும் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அதற்குப் பிறகும் அப்புறப்படுத்த வேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதி, நகலை உங்கள் கையில் தர வேண்டும். அழுகும் பொருளாக இருந்தால், நீங்கள் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். மற்றவை என்றால் இரண்டு வேலை நாட்களுக்குள். எங்கே கடை போடலாம் என்று முடிவு செய்யும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அந்தக் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது, உங்கள் ஆட்கள் யார் என்று கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள், வரிசையில் கடை போடும் எல்லாரும் சேர்ந்து போங்கள். பறிமுதல் பட்டியல் கொடுத்தார்களா என்பதுதான் முதல் கேள்வி. கொடுக்கவில்லை என்றால் அவர்கள் செய்தது சட்டப்படி நடந்த வேலையே இல்லை.

எங்கள் ஊராட்சியிடமே பணம் இல்லை. ஏழை ஊர் தன் ஏழைகளை எப்படிக் காப்பாற்றும்?
– பள்ளி ஆசிரியை ஒருவர்

காப்பாற்ற முடியாது, மேலே இருந்து நிதி வந்தால் ஒழிய. சொத்துவரி நிறைய வரும் இடத்தில் ஏழைகள் குறைவு. ஏழைகள் நிறைந்த இடத்தில் வரியே வராது. 'உங்கள் ஏழைகளை நீங்களே பாருங்கள்' என்று பொறுப்பை மட்டும் இறக்கி வைப்பது ஏமாற்று வேலை. டென்மார்க்கில் மொத்த அரசுச் செலவில் 60 சதவீதத்துக்கும் மேல் உள்ளாட்சிகள் வழியாகப் போகிறது. அங்கேகூட வசதியான நகராட்சியிடம் இருந்து எடுத்து வசதி குறைந்த நகராட்சிக்குக் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. இந்திய அரசியல் சட்டத்தில் ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாநில நிதி ஆணையம் அமைக்க வேண்டும் என்று இருப்பதும் இதற்காகத்தான். ஆணையம் போடுவதில் தாமதம், அறிக்கையை ஏற்பதில் தாமதம், ஏற்றதைக் கொடுப்பதில் தாமதம் என்றால் ஊராட்சித் தலைவர் என்ன செய்வார்?

இன்னொரு பிரச்சினை, வருகிற பணமும் பெரும்பாலும் 'இதற்குத்தான்' என்று முத்திரை குத்தி வருகிறது. ஊருக்கு வேண்டியது கால்வாய், நிதி வந்தது பூங்காவுக்கு. எதற்கு வேண்டுமானாலும் செலவு செய்யலாம் என்று ஒரு பகுதியாவது தராத வரை, உள்ளூரில் திட்டமிடுங்கள் என்று சொல்வதில் பொருள் இல்லை. உள்ளாட்சியால் ஆகாத காரியங்களும் உண்டு. விலைவாசி, குறைந்தபட்சக் கூலி, நிலப் பங்கீடு இதெல்லாம் அதன் கையில் இல்லை. அவற்றைக் கேட்க வேண்டிய இடம் வேறு.

முதல் முறையாக வார்டு உறுப்பினராக வென்றிருக்கிறேன். கூட்டத்தில் என்னைப் பேச விடுவதில்லை. முன்பே எழுதிவைத்த தீர்மானத்தில் கையெழுத்து மட்டும் கேட்கிறார்கள். 'உங்கள் வீட்டுக்காரரை அனுப்புங்கள்' என்கிறார்கள். என் வார்டில் கூலி வேலை செய்பவர்கள்தான் அதிகம். நான் எங்கிருந்து தொடங்குவது?
– பெண் உறுப்பினர் ஒருவர்

சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அங்கே இருப்பதே மாற்றத்தைக் கொண்டுவரும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டஃப்லோ இருவரும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் 265 ஊராட்சிகளை ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டார்கள். தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிநீருக்கு அதிக வேலை நடந்திருந்தது. இரண்டு மாநிலத்திலும் பெண்கள் கொடுத்த புகார்களில் குடிநீர்தான் முன்னால் நின்றது. அந்தத் தலைவிகளிலும் பலருக்கு அனுபவம் இல்லை, படிப்பு குறைவு. அவர்களையும் யாரோ 'வீட்டுக்காரரை அனுப்புங்கள்' என்று சொல்லித்தான் இருப்பார்கள்.

உங்கள் கணவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனாலும் அந்த நாற்காலியில் அவரை உட்கார விடாதீர்கள். ஒரு முறை விட்டால் அதுவே வழக்கமாகிவிடும்.

கையெழுத்து விஷயத்தில் கறாராக இருங்கள். கூட்டப் பொருள் பட்டியலை முன்னதாகவே எழுத்தில் கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் காலி இடம் விட்டிருந்தால் அந்த இடத்தில் கோடு போட்டுவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள். நான் பார்த்த தில்லுமுல்லுகளில் பெரும்பாலானவை அந்தக் காலி இடத்தில்தான் நடந்தன. உங்களுக்குச் சம்மதம் இல்லாத தீர்மானம் என்றால் 'எனக்கு உடன்பாடில்லை' என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. அந்த ஒரு வரியை அடுத்த தணிக்கையில் கட்டாயம் படிப்பார்கள்.

கூட்டத்துக்கு முன்னால் வார்டுப் பெண்களோடு தனியாக உட்காருங்கள். மகாராஷ்டிரத்தில் கிராம சபைக்கு முன்பு பெண்கள் சபை கூட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உங்களுக்குச் சட்டம் தேவையில்லை, ஒரு திண்ணையும் வேலை முடிந்து அவர்கள் திரும்பும் நேரமும் போதும். அங்கே முடிவானதை மனுவாக எழுதி, எல்லாருடைய கையெழுத்தோடும் எடுத்துப் போங்கள். பத்துப் பெண்கள் உங்களோடு கூட்டத்துக்கு வந்து பின்னால் உட்கார்ந்திருந்தால் உங்கள் பேச்சை இடைமறிக்க யோசிப்பார்கள்.

அப்புறம், ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வார்டில் ஒவ்வொரு வீடாகப் போய் யாருக்கு எந்தக் காகிதம் இல்லை என்று எழுதுங்கள்: பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, மாற்றுத்திறனாளி அட்டை. சாலையும் கட்டடமும் கேட்டால் நிதி இல்லை என்பார்கள். இதற்கு நிதி தேவையில்லை. உங்கள் கால்களும் ஒரு எழுத்தரின் ஒத்துழைப்பும் போதும். படுக்கையில் இருப்பவர்கள், வாடகைக்கு வந்தவர்கள், வெளியூரில் இருந்து வேலைக்கு வந்து கொட்டகையில் தங்கியிருப்பவர்கள் ஆகியோரின் வீடுகளுக்கு முதலில் போங்கள், அவர்கள் உங்கள் கூட்டத்துக்கு வரவே மாட்டார்கள். முதல் மாதத்தில் ஐந்து பேருக்கு உதவித்தொகை வரும்படி செய்துவிட்டால், இரண்டாவது மாதம் மற்ற வார்டுகளில் இருந்தும் உங்களைத் தேடி வருவார்கள். அப்போது நோட்டில் இடம் போதாது, பெரியதாகவே வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் காகிதத்துக்கு எந்த அலுவலகம், எந்தப் படிவம் என்பதில் குழப்பம் வந்தால் எனக்கு எழுதுங்கள். இங்கே வெளியிடும் வரை காத்திருக்க வேண்டாம், தனிக் கடிதமாகவே பதில் அனுப்புகிறேன்.